கரண்ட் போனால் துணி விளையும் ஊர்

கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்று சொல்வார்கள். எங்கள் ஊர் விஷயத்தில் அப்படிச் சொன்னது ஒரு மனுஷன்கூட இல்லை, இயந்திரம். கரட்டுப்பாளையத்தில் கரண்டை நிறுத்தினால் துணி அதிகமாக விளைகிறது என்று அது கண்டுபிடித்தது. படித்தவர்கள் பத்துப் பேர் உட்கார்ந்து அதைக் கேட்டு, சரிதான் என்று கையெழுத்தும் போட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பத்துப் பேரையும் கூட்டிவந்து என் தறிக்குடோனில் நிறுத்தி, கரண்ட் இல்லாமல் ஒரு முழம் நெய்து காட்டுங்கள் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பேன்.

நான் கோகிலவாணி. வயது ஐம்பத்தொன்று. எட்டு விசைத்தறி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து நாலு தறியை நானும் நாலு தறியை மயிலாத்தாளும் ஓட்டுகிறோம். மயிலாத்தாள் மீட்டர் கூலிக்கு வருகிறவள். நெய்தால்தான் அவளுக்குக் காசு. அவள் மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். என் மகன் பெங்களூரில் பதினேழாவது மாடியில் இருக்கிறான். "வித்துட்டு வந்துருங்கம்மா, இங்க ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்குது" என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்வான். அந்த ரூமை நான் பார்த்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் பாத்ரூம் ஜன்னல் தெரியும். தறி போனால் எனக்கு அந்த ரூம்தான் கதி. மயிலாத்தாளுக்கு அதுவும் கிடையாது.

மூன்று வருஷம் தொடர்ந்து மழை பொய்த்து, வெயில் நாற்பத்தெட்டு டிகிரியைத் தாண்டியபோது இந்தப் பங்கீடு வந்தது. இருக்கிற கரண்ட் எல்லோருக்கும் போதவில்லை. எந்த வட்டாரத்துக்குக் கொடுத்தால் ஒரு யூனிட்டுக்கு அதிகமாக விளைகிறதோ அங்கே கொடு, விளையாத இடத்தில் குறை என்று முடிவு செய்தார்கள். இதை மனுஷன் கையில் கொடுத்தால் மச்சான் ஊருக்கு அள்ளிக் கொடுத்துவிடுவான் என்று பயந்து ஒரு கணினி மூளையிடம் ஒப்படைத்தார்கள். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் மூச்சு வாங்கும் அளவுக்கு நீளம். நாங்கள் வைத்த பெயர் பங்காளி. பாகம் பிரிக்க வந்து, நமக்கு வரவேண்டியதில் கை வைக்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

பங்காளி பார்ப்பது இரண்டே இரண்டுதான். ஒவ்வொரு குடோனிலும் மீட்டர் எவ்வளவு ஓடியது என்பது ஒன்று. ஊர் எல்லைச் செக்போஸ்ட்டில் எத்தனை துணி மூட்டை வெளியே போனது என்பது இன்னொன்று. மூட்டைக்கு மூட்டை அட்டை தொங்கும். எந்தக் குடோன் மூட்டை என்று அங்கிருக்கும் கருவி படித்துக்கொள்ளும். நடுவில் நாங்கள் ஓடுகிறோமா, படுத்துக் கிடக்கிறோமா என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை.

போன சித்திரையில் வாரத்துக்கு இரண்டு நாள் கரண்டை நிறுத்தியது. ஆடியில் மூன்று நாள். ஐப்பசியில் நாலு நாள். மாசி பிறந்தபோது வாரத்துக்கு ஐந்து நாள் ஊர் செத்த பிணம் மாதிரி கிடந்தது. அறுநூறு தறி. காது இரைச்சலுக்கே பழகிப்போன எங்களுக்கு அந்த அமைதியில் தூக்கம்கூட வரவில்லை. பிறகு நோட்டீஸ் வந்தது. மார்ச் முப்பத்தொன்றாம் தேதி வருடாந்தர முடிவு. இப்படியே போனால் ஊர் முழுக்க "விளக்கு லைன்". அதாவது பல்புக்கும் பேனுக்கும் மட்டும் கரண்ட். தறியைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்.

நான் பை ஒன்றை எடுத்துக்கொண்டு மின் அலுவலகத்துக்குக் கிளம்பினேன்.

அங்கே இருந்த உதவிப் பொறியாளர் பெயர் லிபின். நாகர்கோவில் பக்கத்துப் பையன், முப்பது வயது இருக்கும். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. நான் போட்ட சத்தத்துக்கு மற்றவர்களாக இருந்தால் வாட்ச்மேனைக் கூப்பிட்டிருப்பார்கள். அவன் தண்ணீர் கொடுத்தான்.

"மேடம், நான் ஒண்ணும் பண்ண முடியாது. அது உங்க ஊரைப் பத்தி ஒரு முடிவுக்கு வந்திருக்கு. இதப் பாருங்க" என்று திரையைத் திருப்பினான். "இம்மண்டலத்தில் மின் பயன்பாடு கூடும்போது விளைவு குறைகிறது. உறுதி தொண்ணூற்றாறு சதவீதம்" என்று எழுதியிருந்தது.

"ஏனுங்க தம்பி, நீங்களே சொல்லுங்க. கரண்ட் இல்லாம தறி ஓடுமா?"

"ஓடாது."

"அப்பறம் இது என்ன எழவுங்க?"

"கரண்ட் இல்லாத நாள்லதான் மூட்டை வெளிய வருது மேடம். பத்து மாசமா அப்படித்தான். கரண்ட் இருக்கற நாள்ல ஒரு மூட்டைகூட வரல. எனக்கும் புரியல. அன்னைக்கு என்னதான் செய்றீங்க?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. வாரத்துக்கு இரண்டு நாள் கரண்ட் வருகிறது. அந்த இரண்டு நாளும் நெய்கிறவர்கள் சோறு தின்னக்கூட தறியை விட்டு நகர்வதில்லை. எங்கள் ஊரில் லோடு ஏற்றுவதற்கென்று தனி ஆள் கிடையாது. நெய்கிறவர்களேதான் மூட்டை கட்டுவதும், லாரியில் ஏற்றுவதும். கரண்ட் போனவுடன் சும்மா உட்கார்ந்து என்ன செய்வது, லோடாவது ஏற்றலாமே என்று ஏற்றிவிடுகிறோம்.

இதைச் சொன்னதும் லிபின் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அது போதும் மேடம். கரண்டை நிறுத்துனா துணி வருதுன்னு அது நினைக்குது. சரி, இன்னும் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம்னு நிறுத்துது. நீங்க அன்னைக்கும் லோடு ஏத்தறீங்க. பார்த்தியா, நான் சொன்னது சரின்னு இன்னும் நிறுத்துது."

"காக்கா உக்காந்துதான் பனம்பழம் விழுந்துச்சுன்னு எழுதி வச்சுக்கிச்சு. அதானுங்களே?"

"அதேதான். ஆனா காக்காவும் நீங்கதான், பனம்பழமும் நீங்கதான்."

"அதுங்கிட்ட எடுத்துச் சொல்லுங்க தம்பி."

"அதுக்குக் காது இல்ல மேடம். கண்ணு மட்டும்தான். பார்த்தாத்தான் நம்பும்."

"சரிங்க, மொதமொதல்ல இப்படி எதுக்கு நெனச்சுது? அப்ப வெட்டே இல்லீங்களே. எல்லா நாளும் கரண்ட் இருந்துச்சே."

அவன் உதட்டைப் பிதுக்கினான். "தெரியல. உங்க ஊரோட பழைய மூணு வருஷக் கணக்குல எங்கயோ கத்துக்கிட்டிருக்கு. எங்கன்னு அதைத் தோண்டிப் பார்க்க எனக்கு அனுமதி இல்ல."

அப்போது நான் அந்தக் கேள்வியை விட்டிருக்கக் கூடாது. ஆனால் எனக்கு விடை கிடைத்துவிட்டது என்கிற சந்தோஷத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

மறுநாள் சங்கக் கட்டடத்தில் கூட்டம். எழுபத்துநாலு குடோன்காரர்களும் வந்திருந்தார்கள். சங்கத் தலைவர் நாட்ராயன், இருபத்துநாலு தறி வைத்திருப்பவர். எங்கள் வீட்டுக்காரருடன் பள்ளிக்கூடம் போனவர். நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். இனிமேல் கரண்ட் இல்லாத நாளில் ஒரு மூட்டைகூட வெளியே போகக் கூடாது, கரண்ட் இருக்கும்போதுதான் லோடு ஏற்ற வேண்டும் என்றேன். செவிடன் காதில் சங்கு ஊதினாலாவது, ஊதுகிறவன் கன்னத்து உப்பலைப் பார்த்து ஏதோ நடக்கிறது என்று அவன் தெரிந்துகொள்வான். இவர்களுக்கு அதுவும் இல்லை.

"அம்மிணி, வாரத்துக்கு ரெண்டு நாளு கரண்டு. அதுல தறிய நிறுத்திப்போட்டு மூட்டை தூக்கச் சொல்றியா?" என்றார் நாட்ராயன். "வாசலுக்கு வந்த லட்சுமிய நில்லுடின்னு சொல்லிப்போட்டு கக்கூசுக்குப் போற மாதிரி இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அந்த ரெண்டு நாளும் போயிருமுங்ணா. மார்ச்சோட போயிரும். அப்பறம் லட்சுமியும் இல்ல, வாசலும் இல்ல."

"அப்படின்னா நீ மொதல்ல நிறுத்து. உன்ற எட்டுத் தறிய நிறுத்தி லோடு ஏத்து. நாங்க பார்க்கறோம்."

அதுதான் சிக்கல். நான் ஒருத்தி நிறுத்தினால் நான் ஒருத்திதான் நஷ்டப்படுவேன். எல்லோரும் நிறுத்தினால்தான் ஊர் பிழைக்கும். ஆனால் எல்லோரும் அடுத்தவன் நிறுத்தட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வாரம் கரண்ட் வந்தபோது நானும் நிறுத்தவில்லை. மயிலாத்தாள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு தறியை ஓட்டினேன்.

மறுபடியும் லிபினிடம் போனேன். இந்தத் தடவை சத்தம் போடவில்லை, அழுதேன். எனக்கே வெட்கமாக இருந்தது. அவன் யார் யாருக்கோ எழுதி, போன் பண்ணி, நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, ஒரு வழி இருக்கு. சந்தேகம் வந்தா ஒரு வட்டாரத்தைச் சோதிச்சுப் பார்க்க விதி இருக்கு. பத்து நாள் முழு கரண்ட். மார்ச் இருபத்திரண்டுல இருந்து முப்பத்தொண்ணு வரைக்கும். பழைய கணக்கை ஒதுக்கி வச்சுட்டு இந்தப் பத்து நாளை மட்டும்தான் பார்க்கும். இந்தப் பத்து நாளைக்குள்ள மூட்டை வெளிய வரணும். வந்தா, இந்த முழு கரண்டே வருஷம் பூரா நிலைக்கும்."

மேடமாக இருந்த நான் அக்கா ஆகிவிட்டதை அப்போதுதான் கவனித்தேன். அந்தப் பையனுக்கு நல்ல இடத்தில் பெண் அமையட்டும் என்று மனதுக்குள் வாழ்த்திக்கொண்டு சங்கத்துக்கு ஓடினேன். நாட்ராயன் காலண்டரைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"முப்பத்தொண்ணு அமாவாசை அம்மிணி!"

எங்கள் ஊரில் அங்காளம்மன் கோயில் முன்னால் லாரி நிறுத்தி, சூடம் காட்டி, மாதத் துணியை அமாவாசையன்று ஏற்றி அனுப்புவதுதான் பழைய வழக்கம். என் மாமனார் காலத்திலிருந்தே அப்படித்தான். கரண்ட் வெட்டு வந்த பிறகுதான் கண்ட நாளில் ஏற்ற ஆரம்பித்தோம். அதில் நாட்ராயனுக்கு மனக்குறை.

"ஒம்பது நாளு நெய்வோம். பத்தாம் நாளு அமாவாசை, ஆத்தா முன்னால பழையபடி ஏத்துவோம். அன்னைக்கும் கரண்டு இருக்குமல்ல? கரண்டு இருக்கறப்ப லோடு போகோணும்னு நீ சொன்ன. போகுது. உன்ற பேச்சும் நடந்துச்சு, ஆத்தா வழக்கமும் திரும்புச்சு."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன். முதல் தடவையாக இந்த ஊர் நான் சொன்னதைக் கேட்டிருந்தது.

அந்த ஒன்பது நாளை என்னவென்று சொல்வது! இருபத்திரண்டாம் தேதி காலை ஆறு மணிக்கு அறுநூறு தறியும் ஒன்றாகக் கிளம்பின. தெருவில் பேசினால் கேட்காது. டீக்கடைக்காரர் கையைக் காட்டித்தான் சர்க்கரை போடவா என்று கேட்டார். மயிலாத்தாள் விடிவதற்குள் வந்து, இருட்டிய பிறகுதான் போனாள். நாலு தறிக்கும் நடுவில் அவள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் இருபது வயதுப் பெண் என்று சொல்லலாம்.

"அக்கா, இன்னும் மூணு நாளு இப்படி ஓடுச்சுன்னா புள்ளைக்குப் பீசு கட்டிருவேனுங்க" என்று ஆறாம் நாள் என் காதில் கத்தினாள்.

"மூணு நாளு என்னடி, இனி வருஷம் பூரா ஓடும்" என்று நானும் கத்தினேன்.

முப்பத்தொன்றாம் தேதி விடிந்தது. தறிகளை எண்ணெய் போட்டுத் துடைத்து, பொட்டு வைத்துவிட்டு எல்லோரும் கோயிலுக்கு வந்தார்கள். பதினாலு லாரி வரிசையில் நின்றது. நாட்ராயன் வெள்ளை வேட்டியில் புது மாப்பிள்ளை போல அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். என் மூட்டைகள் மூன்றாவது லாரியில் போயின. பின்னாலேயே நானும் செக்போஸ்ட்டுக்கு நடந்தேன், கண்ணால் பார்க்க வேண்டும் என்கிற ஆசையில்.

செக்போஸ்ட்டில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை உண்டு. இன்றைய மூட்டை எத்தனை, இன்றைய யூனிட் எத்தனை என்று காட்டும். மூட்டை எண்ணிக்கை நானூறு, ஐந்நூறு, அறுநூறு என்று ஏறிக்கொண்டே போனது. பார்க்கப் பார்க்க வயிறு குளிர்ந்தது. பக்கத்தில் இருந்த யூனிட்டைப் பார்த்தேன். அது நகரவே இல்லை.

கரண்ட் போய்விட்டதோ என்று பதறி லிபினைக் கூப்பிட்டேன்.

"நானும் இங்க திரையில அதைத்தான்க்கா பார்த்துட்டிருக்கேன். மூட்டை நல்லா வருது. ஆனா யூனிட் என்ன இப்படிக் கெடக்கு? லைன்ல கோளாறு எதுவும் இல்லையே. தறி ஓடலையா?"

"இன்னைக்கு அமாவாசைங்க தம்பி."

"அதனால?"

"அமாவாசைக்குத் தறி ஓட்டமாட்டோமுங்க."

அந்தப் பக்கம் காலண்டர் புரளும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டான். "எல்லா அமாவாசைக்குமா? இந்த வெட்டெல்லாம் வர்றதுக்கு முன்னாடியும்?"

"ஆமாங்க."

"லோடும் அன்னைக்குத்தான் போகுமா?"

"அன்னைக்குத்தானுங்க" என்றேன். மீதியை அவன் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மூளை மூன்று வருஷமாகப் பார்த்தது அதைத்தான். மாதம் பூரா கரண்டைக் குடித்துவிட்டு ஒரு மூட்டைகூடக் கொடுக்காத ஊர், கரண்டைத் தொடாத ஒரே நாளில் மொத்தத்தையும் கொடுக்கிறது. இந்தப் பத்து நாளில் அதே பாடத்தை நாங்கள் சூடம் ஏற்றி, தேங்காய் உடைத்து அதற்கு மறுபடி நடத்திக் காட்டியிருக்கிறோம். எல்லாம் என் யோசனைப்படி.

"அக்கா, இதை ஏன்க்கா யாருமே எங்கிட்ட சொல்லல?"

"இதையெல்லாம் ஒருத்தர் சொல்லித்தான் தெரியோணுமா தம்பி?" என்று கத்தினேன். கத்தின பிறகுதான் அவன்மேல் எரிந்து விழ எனக்கு என்ன யோக்கியதை என்று உறைத்தது. அமாவாசைக்குத் தறி நிற்பது எங்களுக்கு நிற்பது மாதிரியே தோன்றாது. ராத்திரிக்குச் சூரியன் இல்லை என்று யாராவது யாரிடமாவது சொல்வார்களா?

"ஆறு மணிக்குக் கணக்கு முடியும். இப்ப பத்தே முக்கால். தறியை ஓட்டச் சொல்லுங்கக்கா. எத்தனை ஓடுமோ அத்தனையும். ஓடுங்க!"

ஓடினேன். செருப்பு எங்கே விழுந்தது என்றே தெரியாது. கோயில் வாசலில் போய், "தறிய ஓட்டுங்க, எல்லாரும் போய்த் தறிய ஓட்டுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மேளம் நின்றது. எனக்கு மூச்சு இரைத்ததில் பாதி வார்த்தைதான் வெளியே வந்தது. மீட்டர், யூனிட், அமாவாசை என்று உளறினேன். அறுநூறு முகமும் என்னைப் பேய் பிடித்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தன.

"கோகிலா, வெய்யில்ல வந்திருக்கற. உக்காந்து மோர் குடி" என்றார் நாட்ராயன்.

"அண்ணா, உங்க கால்ல உழுகறனுங்ணா. இன்னைக்கு ஒரு நாளு. துணி நெய்ய வேண்டாமுங்க, வெறும் தறியாச்சும் ஓட்டுங்க. மீட்டர் சுத்துனாப் போதும்."

"அமாவாசையில தறி ஓட்டறதா? ஆத்தா முன்னால நின்னுக்கிட்டு என்ன பேச்சுப் பேசற நீ? கரண்டு இருக்கறப்ப லோடு ஏத்தச் சொன்ன. ஏத்தியாச்சு. இப்பத் தறிய ஓட்டுங்கற. நாளைக்கு என்ன சொல்லுவ?" அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்புத்தான் இருந்தது. "இவ பேச்சைக் கேட்டுக் கேட்டே நாம இப்படி ஆயிட்டோம்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

இன்னும் ஒரு மணி நேரம் நின்று விளக்கியிருந்தால் புரிந்திருக்குமோ என்னவோ. ஆனால் நேரம் இல்லை. நான் திரும்பி என் குடோனுக்கு நடந்தேன். எட்டுத் தறியிலும் காலையில் நானே வைத்த குங்குமம் இருந்தது. முதல் தறியின் சுவிட்சில் கை வைக்குமுன் கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டேன். பயமில்லையென்று பொய் சொல்லமாட்டேன். நாலு தறியைத்தான் என்னால் ஓட்ட முடியும். மற்ற நாலை என்ன செய்வது என்று நிற்கும்போது மயிலாத்தாள் வாசலில் வந்து நின்றாள். கோயிலுக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு.

"என்னமோ எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்கக்கா. ஆத்தா மன்னிக்கமாட்டா."

"நீ போ மயிலா. நீ எதுக்குப் பாவம் சுமக்கற."

"மீட்டர் சுத்தோணும்னு சொன்னீங்கல்ல?" என்று கேட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளுடைய நாலு தறியையும் போட்டுவிட்டாள்.

ஆறு மணி வரை ஓட்டினோம்.  ஊரே அமைதியாக இருக்க, எங்கள் எட்டுத் தறியின் சத்தம் மட்டும் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். இரண்டு தடவை யாரோ தகரக் கதவில் கல் எறிந்தார்கள்.

ஏப்ரல் மூன்றாம் தேதி முடிவு வந்தது. கரட்டுப்பாளையம், எழுபத்துமூன்று இணைப்புகள், விளக்கு லைன். மின் பயன்பாட்டுக்கும் விளைவுக்கும் எதிர் உறவு உறுதியானது, தொண்ணூற்றொன்பது சதவீதம். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: இணைப்பு எண் நாற்பத்தொன்று, முடிவு செய்யப் போதிய ஆதாரம் இல்லை, தற்போதைய வழங்கல் தொடரும்.

நாற்பத்தொன்று என்னுடையது.

"உங்க மீட்டர் இந்தப் பத்து நாள்ல ஒரு நாள்கூட நிக்கல" என்றான் லிபின் போனில். அவன் குரல் கம்மிப்போயிருந்தது. "கரண்டைத் தொடாத நாள்னு ஒண்ணு இருந்தாத்தானே, அன்னைக்குத் துணி கூடுச்சான்னு அதால சொல்ல முடியும்? அதான் உங்களைத் தொடாம விட்டிருச்சு. ஊருக்காகவும் எழுதிப் போட்டேன்க்கா. அடுத்த பரிசீலனை அடுத்த மார்ச்லதானாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. இனி உங்க தறி ஒரு நாள்கூட நிக்கக் கூடாது. நின்னு, அன்னைக்கு மூட்டையும் போச்சுன்னா அதுக்கு ஆதாரம் கெடைச்சிரும்."

நான் ஜெயித்தேன் என்று சொல்வதா இதை? ஊரைக் காப்பாற்றக் கிளம்பியவள் என் எட்டுத் தறியை மட்டும் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறேன். தெருவில் யாரும் என்னிடம் பேசுவதில்லை. அமாவாசையில் தறி ஓட்டினாள், ஆத்தா ஊரையே இருட்டாக்கிவிட்டாள் என்கிறார்கள் பாதிப் பேர். தெரிந்தேதான் தனக்கு மட்டும் வழி பண்ணிக்கொண்டாள் என்கிறார்கள் மீதிப் பேர். இரண்டில் எதை மறுப்பது, யாரிடம் போய் மறுப்பது? பழைய இரும்பு வண்டிகள் தெருத்தெருவாக வர ஆரம்பித்தன. நாட்ராயன் வீட்டு முன்னால் ஒரே நாளில் நாலு வண்டி நின்றது.

தறி ஒரு நாளும் நிற்கக் கூடாது என்றால் நானும் மயிலாத்தாளும் மட்டும் போதாது. லோடு ஏற்றும்போதும் உடம்புக்கு முடியாதபோதும் மாற்றி ஓட்டுவதற்கு ஆள் தேவை என்று டீக்கடையில் சொல்லி வைத்தேன். ஒரு வாரம் யாரும் வரவில்லை. எட்டாம் நாள் காலையில் ஊடை நூல் சுற்றிய தார்க்குச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. கையில் சோற்றுத் தூக்குப்போசியோடு நாட்ராயன் நின்றார். அவரைத் திட்டுவதற்கென்று நான் மனதில் சேர்த்து வைத்திருந்தது ஒன்றா இரண்டா. கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

"ஆள் வேணும்னு சொன்னாங்க" என்றார். "நாலு தறி ஓட்டுவேன். சின்ன வயசுல ஓட்டுனது, கை மறக்கல."

"உள்ள வாங்ணா."

அவர் உள்ளே வந்து தறிகளைப் பார்த்தார். ஒரு தறியின் நூலை விரலால் தடவிப் பார்த்தார். மயிலாத்தாள் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. பிறகு, நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து என்னிடம் நீ, வா, போ என்று பேசியவர், முதல் தடவையாக ஒரு மரியாதை சேர்த்துக் கேட்டார்.

"அமாவாசைக்கு லீவு உண்டுங்களா?"

மயிலாத்தாள் தறியைப் பார்த்தபடியே நின்றாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"இல்லீங்ணா."

அவர் தலையாட்டினார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஐந்தாம் தறியைப் போட்டார்.